சல்காவோட கம்மலும் செயற்கைக்கோளும்

ஷாமி, பாலைவன முகாம்.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் ஷெய்க்னா எழுதுறது. உடம்பு எப்படி இருக்கு, ஒட்டகங்க எப்படி இருக்கு, கிணத்துல தண்ணி எப்படி இருக்கு, வீட்ல எல்லாரும் சுகமா? நம்ம வழக்கப்படி இதைப் பத்து தடவையாவது கேக்கணும். "வீட்ல எல்லாரும்"னு ஒரு தடவை எழுதினதுமே பேனா நின்னுடுச்சு. உங்க மக சல்கா நம்மள விட்டுப் போய் நாலு மாசம் ஆச்சு. மீதி ஒன்பதையும் கேட்டதா வச்சுக்கோங்க.

மாமனார் முன்னாடி மருமகன் வாயத் திறக்கக்கூடாது, முகத்தக் காட்டக்கூடாதுங்கிறதும் நம்ம வழக்கம்தானே. அதான் கடுதாசி. உங்க தம்பி மகன் தெத்தா மேல ஒரு புகார்.

என் வேலைய சல்கா சொல்லியிருப்பா. செயற்கைக்கோள் எடுத்த படத்துல துருப்பிடிச்ச பாறையும் வெளுத்த களிமண்ணும் ஒண்ணா கிடக்கிற இடத்தைத் தேடணும். தங்கம் இருந்தா அந்தப் பக்கம்தான் இருக்கும். நாலு வருஷமா அந்தப் படத்துல தெரிஞ்ச ஒரே ஒரு சிவப்புப் புள்ளிய நம்பிக்கிட்டு இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை பெரிய அதிகாரியக் கூட்டிட்டுப் போய், "இங்கதான் சார்"னு கை நீட்டுறேன், மேட்டுக்கு அந்தப்பக்கம் உங்க ஒட்டகம், பின்னாடியே நீங்க! நான் என்ன பண்ணுவேன்? தலைப்பாகைய மூஞ்சில சுத்திக்கிட்டு ஜீப்புக்குப் பின்னாடி ஓடிப் படுத்துட்டேன். அதிகாரி, "ஐயோ, இவனுக்கு வெயில் அடிச்சிடுச்சு, தண்ணி ஊத்துங்கப்பா!"ன்னு கத்த, நாலு பேர் ரெண்டு வாளித் தண்ணிய என் தலையில கொட்டினாங்க. நீங்க போற வரைக்கும் மயக்கம் போட்டவனாவே கிடந்தேன். அந்த நேரம் பாத்து, உங்ககூட வந்த தெத்தா, தங்கம் தேடுற அந்தக் கத்துற கருவிய எடுத்துக்கிட்டு என் சிவப்புப் புள்ளிக்குள்ளயே நுழைஞ்சிருக்கான். கீய்ங்னு ஒரு சத்தம். குனிஞ்சான், எதையோ எடுத்து முண்டாசுல முடிஞ்சான். அவ்வளவுதான், பக்கத்து முகாம்லேர்ந்து எண்பது பேர் மம்பட்டியோட வந்து என் இடத்தைச் சல்லடையாக்கிட்டாங்க. ஒரு குண்டுமணி தங்கம் இல்ல. கிளம்பும்போது அந்தக் கழுதை சொல்றான்: "டேய் இஞ்சினியர், உன் செயற்கைக்கோளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடுடா!" எண்பது பேரும் சிரிச்சாங்க. அதிகாரியும் சிரிச்சார்.

அது தங்கக்கட்டி இல்ல, மாமா. கிட்டப் பாத்தவன் சொன்னான், பிறை மாதிரி இருந்துச்சு, நடுவுல சிவப்பு மணின்னு. கல்யாணத்துக்கு நீங்க சல்காவுக்குப் போட்ட கம்மல். முதல் வருஷம், "உன் சிவப்புப் புள்ளியப் பாக்கணும்"னு அடம்பிடிச்சு வந்து, ஒண்ணை அங்கதான் தொலைச்சா. பொழுது சாயுற வரைக்கும் மணலைச் சலிச்சோம். கடைசியில அவ, "போனாப் போகட்டும், இனிமே இங்க தங்கம் இருக்குன்னு தைரியமா எழுது"ன்னு சிரிச்சா. இன்னொரு கம்மல் என் சட்டைப்பையில இருக்கு.

பதினாறு நாளைக்கு ஒருதடவை என் செயற்கைக்கோள் அந்த இடத்துக்கு மேல போகுது. நாலு வருஷத்துல தொண்ணூறு தடவை. அதுக்குத் தெரியல. எனக்கும் தெரியல. போற போக்குல அவனுக்குக் கிடைச்சிடுச்சு! நம்ம வழக்கத்துல சித்தப்பா மகனுக்குத்தான் முதல் உரிமை; அவன் சல்காவைக் கட்டிக்க நெனச்சவன், அது ஊருக்கே தெரியும். சாவு வீட்ல என்னைவிட அதிகமா அழுதவனும் அவன்தான். எனக்கு ஒரு சொட்டு வரல. எல்லாரும் அவனைத்தான் தேத்தினாங்க. அழுகையும் அவனுக்கு, கம்மலும் அவனுக்கா? நேர்ல கேட்டா, "எந்தக் கம்மல்?"னு முண்டாசைத் தொட்டுப் பாத்துக்கிறான். முண்டாசை அவுக்கச் சொல்லுங்க, மாமா. வாங்கி எனக்கு அனுப்புங்க.

அத்தைக்கு என் சலாம். உங்க மேய்ச்சலுக்கு மழை பெய்யட்டும். ஒட்டகம் எல்லாம் நல்லாக் கன்னு ஈனட்டும்.

உங்க முன்னாடி முகம் காட்டாத,
ஷெய்க்னா

பின்குறிப்பு: கடுதாசி கொண்டுபோற லாரிக்காரர் இப்பதான் சொல்றார், உங்க கண்ணுல புரை விழுந்துடுச்சாம், அங்க படிக்கத் தெரிஞ்சவன் தெத்தா ஒருத்தன்தானாம். வேற கடுதாசி எழுத நேரமில்ல, ஹாரன் அடிக்கிறார். டேய் தெத்தா, கழுதைன்னு எழுதின இடத்தை மெதுவா வாசி, மாமா சிரிக்கட்டும். கம்மலை யார்கிட்டயும் குடுக்காதே. முண்டாசுலயே வச்சுக்கிட்டு நீ கிளம்பி வா. சின்ன வயசுல அவ எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். இந்த முகாம்ல அவ பேரைச் சொல்ல ஆளில்லடா. டீ போடுறேன். நம்ம வழக்கப்படி மூணாவது கிளாஸ் குடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.