மீட்டரக்கா

"ஏலே ஜெபக்குமாரு, ப்ளான்ட்டை அமத்திட்டு எங்கலே போன?"

ஸ்பின்னிங் ஷெட்டின் நட்டநடுவில் நின்று சந்தனம் போட்ட சத்தம், மிஷின்கள் ஓடும் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. மார்கழி மாதம், காலை ஷிஃப்ட், மணி ஏழு. அவளுக்கு மட்டும் நெற்றியிலிருந்து கழுத்துவரை வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

ஃபிட்டர் ஜெபக்குமார் கையில் ஸ்பானரோடு ஓடி வந்தான்.

"ப்ளான்ட் ஓடிக்கிட்டுத்தான்க்கா இருக்கு. மீட்டரைப் பாருங்க, ஈரம் அம்பத்தெட்டு. எல்லாம் சரியா இருக்கு."

"மீட்டர் கெடக்கு. நான் சொல்லுதேன், வேகுது."

சந்தனம் சொன்னால் சொன்னதுதான். ஷெட்டைக் குளிரவைக்க ஈரக்காற்று ஊதும் ப்ளான்ட் கொஞ்சம் மக்கர் பண்ணினாலும் பொழப்பு கெட்டது. காற்று காய்ந்தால் நூல் அறுந்து தள்ளும், ஈரம் கூடினால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். அந்த ஈரத்தை ஷெட்டுக்குள் கால் வைத்ததுமே புறங்கையால் சொல்லிவிடுவாள் அவள். "அம்பத்தாறு" என்பாள், மீட்டரும் அம்பத்தாறு காட்டும். செட்டியார்பட்டியிலிருந்து சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்தவள், இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மில்லின் முதல் பெண் சூப்பர்வைசர் ஆனது அந்தப் புறங்கையால்தான். ராஜபாளையத்தில் பாதிப்பேருக்கு அவள் "மீட்டரக்கா". அந்தப் பேரில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. இருக்கட்டுமே, சும்மாவா கிடைத்தது?

மீட்டருக்கும் மீட்டரக்காவுக்கும் சண்டை வந்தால் மில் யாரை நம்பும்? ஜெபக்குமார் மறுபேச்சில்லாமல் இரண்டாவது பம்பையும் போட்டான்.

பத்து நிமிஷத்தில் சந்தனத்துக்குக் குளுகுளுவென்று இருந்தது. "பாத்தியா?" என்றாள். அரைமணி கழித்து மறுபடியும் குப்பென்று ஏறியது. வெளிக்காற்று வரும் தகரக் கதவுகளை முழுசாகத் திறக்கச் சொன்னாள். மலைப்பனி உள்ளே புகுந்தது. ஃபேனை முழு வேகத்தில் வைக்கச் சொன்னாள். ஜெபக்குமார் வரிசையாக எட்டுத் தும்மல் போட்டான். மூன்றாம் நாள் ரோலருக்கு ரோலர் நூல் சுற்றிக்கொண்டு பாதி மிஷின் நின்றேபோனது.

மானேஜர் வைகுண்டராஜ் கீழே இறங்கி வந்தார்.

"என்னம்மா, எனக்குக் குளுருற மாதிரில்ல இருக்கு?"

"நீங்க ஏசி ரூம் குளிரை மேல போத்திக்கிட்டே வந்திருக்கிய சார்."

அவர் குழம்பிப்போனார். "சரி, மிஷின் பாக்கிற சீனியர்களையே கேட்டுருவோம்."

வெள்ளத்தாய் முன்னால் நிற்க, ஆறு பெண்கள் வரிசையாக வந்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க. வேகுதா, இல்லையா?"

"வேகுது சார்!" ஆறு பேருக்கும் ஒரே குரல்.

"எம்புட்டு வேகுது?"

"நிக்க முடியல சார்" என்றாள் வெள்ளத்தாய். அவர் அதை அப்படியே எழுதி ஆறு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். சந்தனத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் அவளுக்கு வார லீவு. விடியுமுன்னே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாள் கோயில் வரிசையில் நின்றாள். முன்னாலும் பின்னாலும் ஸ்வெட்டரும் சால்வையுமாக ஜனம் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கோ குப்பென்று ஏறி ரவிக்கையே நனைந்துவிட்டது. இங்கே எந்த ப்ளான்ட்டைக் குறை சொல்வது?

பக்கத்தில் நின்ற வஞ்சுளவல்லி மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ரிட்டையரான நர்ஸ், சந்தனத்துக்கு ரொம்ப நாள் பழக்கம்.

"என்ன வயசாறது சந்தனம்?"

"நாப்பத்தொம்பது மாமி."

"மாசவிலக்கு ஒழுங்கா வரதோ?"

"நாலு மாசமா இல்ல."

"அதாண்டி இது! விலக்கு நிக்கற காலத்துல உடம்பு திடீர் திடீர்னு இப்படிக் கொதிக்கும். எனக்கு மூணு வருஷம் இருந்தது. காப்பியைக் குறை, தாங்கலைன்னா டாக்டர்ட்டப் போ. வெக்கப்பட ஒண்ணுமில்லே."

சந்தனம் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியானால் மீட்டர் சரி! அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வெள்ளத்தாய்.

"யக்கா, ஜெபக்குமாரை வேலையை விட்டு நிப்பாட்டப் போறாவளாம். மீட்டரைச் சரியாப் பாக்கலையாம். பத்து மணிக்கு ஆபீசுல விசாரணை."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே போராட்டம். சொன்னால், இருபத்தெட்டு வருஷம் கட்டிக்காத்த பேர் போச்சு. பொம்பளையை சூப்பர்வைசராகப் போட்டால் இப்படித்தான் என்று நாலு பேர் பேசுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாதவனின் சோற்றில் மண். சீச்சீ, அப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆபீஸில் ஜெபக்குமார் தலைகுனிந்து நின்றான். கையெழுத்துப் போட்ட ஆறு பேரும் வாசலில் நின்றார்கள். சந்தனம் நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், ப்ளான்ட் சரியா இருக்கு. மீட்டரும் சரி, ஜெபக்குமாரும் சரி. எனக்கு விலக்கு நிக்கிற வயசு. நெனச்ச நேரத்துல உடம்பு கொதிக்குது. அதை நான் ப்ளான்ட்டோட கோளாறுன்னு நெனச்சிட்டேன். தப்பு என்னுது. என்ன செய்யணுமோ எனக்குச் செய்யுங்க."

குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. வைகுண்டராஜ் மின்விசிறியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பிறகு ஜெபக்குமாருக்கு அடித்து வைத்திருந்த மெமோவை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டார்.

"இதை ஒடைச்சுச் சொல்ல எம்புட்டுத் தைரியம் வேணும்! நீங்க போய் ஷெட்டைப் பாருங்கம்மா" என்றவர், சட்டென்று நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு மட்டும் புரியல. வெக்கை உங்களுக்கு மட்டும்தான்னா, இந்த ஆறு பேரும் வேகுதுன்னு எப்படிக் கையெழுத்துப் போட்டாங்க?"

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். சளி பிடித்துக் கட்டிப்போயிருந்த தொண்டையைச் செருமிக்கொண்டு வெள்ளத்தாய் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"கையெழுத்துப் போடும்போது ஆறு பேருக்கும் பல்லு தந்தியடிச்சுது சார், ஆனா எங்கக்கா வேகுதுன்னு சொல்லிட்டா, எங்க ஷெட்டுல வேகத்தான் செய்யும்!"