ராக்கனைத் தேடு படலம்

ஒரு யோக்கியமான குடிமகன் பேருக்குக் கைது வாரண்டு பிறந்தால் அவன் என்ன செய்ய வேண்டும்? வக்கீல் ஜாமீன் என்பார். மச்சினன் ஓடிப் போ என்பான். மானஸ்தர்கள், நேரே போய்ச் சரணடைந்து ஜெயிலில் இருக்க வேண்டியதை இருந்துவிட்டு வா என்பார்கள். இந்த மூன்றாவது யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். எங்கள் ஊர் ராக்கன் கேட்டார். அவர் பட்ட பாட்டை நாலு பேருக்குச் சொல்லி வைப்பது தேசத்தொண்டு என்று கருதி இதை எழுதுகிறேன். ஊர், வல்லத்திராக்கோட்டைக்குக் கொஞ்சம் அங்கிட்டு. போலீஸ் ஸ்டேஷன் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரண்டு எனக்குத்தான் வரும்.

சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த புதிது. மரம் நடுவது அப்போது பெரிய மோஸ்தராக இருந்தது. யார் வீட்டுக் கொல்லையிலும் கேட்காமலே முளைக்கிற வேப்பங்கன்று ஒன்றை நட்டுத் தருவதற்காக ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் எங்கள் ஊருக்கு எழுந்தருளினார். மேளதாளத்தோடு நட்டார். வனங்களின் அருமை பெருமைகளை விளக்கி வெயிலில் எங்களை நிறுத்தி வைத்துப் பேசினார். பேசி முடித்து அவர் சோடா குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ராக்கனுடைய வெள்ளாடு வந்து அந்தக் கன்றை வேரோடு பிடுங்கித் தின்றுவிட்டது. அதிகாரி கையில் சோடாவோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

பொதுச்சொத்தை நாசம் செய்ததாக ராக்கன் மேல் வழக்குப் பதிவானது. "எதிரி மேற்படி ஆட்டுடன் தவறாமல் ஆஜராக வேண்டியது" என்று சம்மன் வந்தது. ராக்கன் தவறாமல்தான் புறப்பட்டார். கண்டக்டர் ஆட்டை பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார். ஆடில்லாமல் போனால் கோர்ட்டு அவமதிப்பாகிவிடுமே என்று பயந்து ஆட்டை இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு நடந்தார். ஆடோ, கோர்ட்டில் ஆஜராகிற அவசரம் கொஞ்சமும் இல்லாமல் வேலிக்கு வேலி நின்று மேய்ந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கோர்ட்டுச் சேவகர் டவாலி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சுய்யா. நீயும் வரலை, ஆடும் வரலை. ஐயா வாரண்டு போட்டுட்டாரு. போயிட்டு வா."

வாரண்டை நிறைவேற்றும் பொறுப்பு கான்ஸ்டபிள் ஆவுடையப்பனிடம் வந்தது. அவரும் கடமை தவறாதவர். சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே ராக்கன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ராக்கன் பெண்சாதி இறந்து பல வருஷமாகிறது. ஒரே மகள் சொர்ணவல்லிதான் அந்த வீட்டுக்கு எல்லாம். அவள் பயந்துபோய், வந்தவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஆவுடையப்பன் சாப்பிட்டார். ஒரு தூக்கம் போட்டார். சாயங்காலம் எழுந்து, "கைகால் அலம்பணும், கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்று வாங்கி அலம்பிக்கொண்டு, "அப்ப நான் வரட்டா அண்ணே" என்று ராக்கனிடமே சொல்லிக்கொண்டு போய்விட்டார். ஸ்டேஷனுக்குப் போனதும், "எதிரியைப் பல இடங்களிலும் தேடியும் கிடைக்கவில்லை" என்று ரிப்போர்ட்டு எழுதினார். அவர்மேலும் தப்புச் சொல்லக் கூடாது. ராக்கனைப் பிடித்திருந்தால் புதுக்கோட்டை வரைக்கும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும், அப்புறம் யார் வீட்டில் குழம்பு?

இப்படியே மாதா மாதம் வந்தார். வாரண்டை நிறைவேற்றுவது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று ராக்கன் நினைத்துக்கொண்டார். ஜெயிலில் சர்க்கார் நமக்குச் சோறு போடும், இது நாம் சர்க்காருக்குச் சோறு போடுகிற தண்டனை என்று எங்களுக்கும் விளக்கினார். ஒரு தீபாவளிக்குக் கோழி கிடைக்காமல் போகவே, வழக்கின் முக்கியச் சான்றான ஆட்டையே அடிக்க வேண்டியதாயிற்று. ஆவுடையப்பன் சான்றை எலும்பு வரைக்கும் பரிசீலித்தார்.

"கிடைக்கவில்லை" என்றே எத்தனை நாளைக்கு எழுதுவது? மேலிடம் கோபித்தது. ஆகவே ரிப்போர்ட்டில் ராக்கன் முதலில் மதுரைப் பக்கம் போனார். அப்புறம் கோட்டைப்பட்டினம் போனார். கடைசியில், "எதிரி கோட்டைப்பட்டினத்தில் தோணி ஏறி இலங்கைக்குத் தப்பிவிட்டதாக நம்பத்தகுந்த தகவல்" என்று ஆவுடையப்பன் எழுதினார். அதை விசாரிக்க சப் இன்ஸ்பெக்டர் ஆத்மநாதனே பரிவாரத்தோடு கோட்டைப்பட்டினம் போய், நல்ல மீனாகச் சாப்பிட்டு, தகவல் உண்மைதான் என்று ஊர்ஜிதம் செய்துவிட்டு வந்தார். திறமையாகத் துப்புத் துலக்கியதற்காக மேலிடம் அவரைப் பாராட்டியது. அந்தச் சமயத்தில் ராக்கன் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் வேலிமுள் வெட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்துச் சொர்ணவல்லிக்கு விராலிமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தங்கமான பையன். பையனுடைய தகப்பனார் சேவுகன், கதர் கட்டின தியாகி. ஊர்வலம் போனவர்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்த போலீஸ் லாரியை பஸ் என்று நினைத்து, இடம் பிடிக்க முண்டியடித்து ஏறியவர். நிலைமையை எடுத்துச் சொல்வதற்குள் ஜெயிலுக்குப் போய்விட்டார். வெளியே வந்தபோது வாசலில் மாலையோடு கூட்டம் நின்றது. அன்றிலிருந்து அவர் எடுத்துச் சொல்வதையே விட்டுவிட்டார்.

வாரண்டு விஷயம் காதில் விழுந்ததும் சேவுகன் புறப்பட்டு வந்தார்.

"இந்தா பாருங்க, ஜெயிலுக்குப் போறது கௌரவம். நானே போனவன். ஆனா ஜெயிலுக்குப் பயந்து ஓடி ஒளியிறவர் வீட்டுல பொண்ணு எடுத்தா எங்க ஊருல என்னைக் காறித் துப்புவாங்க. உள்ள போயிட்டு வாங்க. தை மாசம் முகூர்த்தத்தை வச்சுக்குவோம்."

அடுப்படியில் நின்ற சொர்ணவல்லி அழுதாள். "அழாத தாயி, ஒனக்காக ஜெயிலுக்கு என்ன, எங்கிட்டு வேணும்னாலும் போவேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் ராக்கன் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

ஆவுடையப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"அண்ணே, இங்க எதுக்கு வந்தீங்க? ஒங்க வீட்டு உப்பைத் தின்னவன் நான். எனக்கா இந்தத் துரோகம் பண்றீங்க?"

உள்ளேயிருந்து ஆத்மநாதன் வந்தார். "யாருய்யா இது?"

"ராக்கனுங்க. வாரண்டுல உள்ளவன். என்னைப் பிடிச்சுக்கங்க சாமி."

"ராக்கன் இலங்கையில இருக்கான்."

"நான் இங்கிட்டு நிக்கிறேனுங்களே!"

"அது ஒன் அபிப்பிராயம். நான் நேர்ல போய் விசாரிச்சு எழுதியிருக்கேன். கலெக்டர் வரைக்கும் படிச்சாச்சு. சர்க்கார் ஒன்னை இலங்கையில தேடிக்கிட்டு இருக்கு. நீ பாட்டுக்கு வேட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்து நின்னா, சர்க்கார் பொய் சொல்லுதுன்னு அர்த்தமா? போய்யா!"

"இலங்கைக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்னு வச்சுக்கங்களேன்."

"பாஸ்போர்ட்டு இருக்கா?"

ராக்கனிடம் ரேஷன் கார்டுதான் இருந்தது.

வேறு வழியில்லாமல் அவர் நேரே கோர்ட்டுக்கே போய்க் கூண்டில் ஏறி நின்றுகொண்டார். கோர்ட்டு திகைத்தது. சரணடைய வந்திருப்பவன் ராக்கன்தானா என்று ஊர்க்காரர்களை வைத்து அடையாளம் பார்க்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். எங்கள் எல்லோருக்கும் சம்மன் வந்தது. நல்லவேளை, ஆடு கொண்டு வரச் சொல்லவில்லை.

முதலில் ஏறியவர் எங்கள் ஊர் மணியகாரர் வெள்ளைச்சாமி.

"இவர் ராக்கன்தானே?"

"ஆமாங்..."

சர்க்கார் வக்கீல் எழுந்தார். "யோசித்துச் சொல்லுங்கள். இவர் ராக்கன் என்றால், தலைமறைவுக் குற்றவாளி இத்தனை நாளும் உங்கள் ஊரிலேயே இருந்திருக்கிறார். தெரிந்தும் நீங்கள் தகவல் தரவில்லை. அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்கு உங்களுக்கும் ஜெயில் உண்டு."

வெள்ளைச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "சாடை இருக்குதுங்க. ஆனா ராக்கன் இவ்வளவு உயரம் இல்லை" என்றார்.

அவருக்குப் பின்னால் வரிசையாக ஏறினோம். பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவர், மாமன் மச்சினன் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. நானும் தெரியாது என்றேன். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

கடைசியாகச் சொர்ணவல்லியை ஏற்றினார்கள். "இவர் உன் தகப்பனா?"

அந்தப் பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றால் அடைக்கலம் கொடுத்ததற்கு அவளுக்கும் ஜெயில், அப்புறம் கல்யாணமும் இல்லை. ராக்கன் கூண்டிலிருந்து, இல்லையென்று சொல் என்று தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினார். "இவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவள் இறங்கி ஓடினாள். ராக்கன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பெயர் தெரியாத இந்த நபர், கனம் கோர்ட்டார் அவர்களை ஏமாற்றும் கெட்ட எண்ணத்தோடு ராக்கன் என்பவராக ஆள்மாறாட்டம் செய்திருக்கிறார் என்று தீர்ப்பாயிற்று. ஜெயிலில் போட்டார்கள். போவதற்கு அவர் ஆசைப்பட்ட ஜெயில்தான். ஆனால் அங்கே போனது ராக்கன் இல்லை.

சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று நாங்கள் பயந்தோம். சேவுகனோ, தான் நேரில் வந்து பேசிய ராக்கனை அந்த நிமிஷமே மறந்துவிட்டு, தீர்ப்பைக் கேட்டுப் பூரித்துப்போனார். "சம்பந்தி சிலோன்லயா இருக்காரு? முதல்லயே சொல்றதுக்கு என்ன? ஜெயிலுக்குப் போன சம்பந்தி தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கான். சிலோன் சம்பந்தி எங்க வட்டாரத்துல யாருக்கு இருக்கான்?" என்றார். பத்திரிகையிலும் 'இலங்கை ராக்கன் அவர்களின் ஏகபுத்திரி' என்றே அச்சடித்தார்.

தை மாசம் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. விடுதலையாகியிருந்த ராக்கனும் வந்திருந்தார். தகப்பன் ஸ்தானத்தில் அவரை உட்காரவைத்தால் நாங்கள் அத்தனை பேரும் கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொன்னவர்களாகிவிடுவோம். அதனால் வெள்ளைச்சாமி உட்கார்ந்து பெண்ணைக் கைபிடித்துக் கொடுத்தார். ராக்கன் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். மாலையும் கழுத்துமாகப் பந்தியைக் கடந்து போன சொர்ணவல்லி நின்று அவரையே பார்த்தாள். அவர் குனிந்து, நேராக இருந்த இலையை இன்னும் நேராக்கினார்.

முதல் பந்தியில் ஆத்மநாதனும் ஆவுடையப்பனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்மநாதன் பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் பந்தலைச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"பெத்த மக கல்யாணம். இதுக்குக்கூட வராம இலங்கையில உட்கார்ந்திருக்கானே, இந்த ராக்கனெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"

"அதானுங்க" என்றார் வெள்ளைச்சாமி. "நல்லாக் கேட்டீங்க" என்றார் சேவுகன். "கல்நெஞ்சன்" என்று நாங்களும் ஆளுக்கு ஒன்று சொன்னோம்.

இலைக்கட்டோடு நின்ற ராக்கனைத் திரும்பிப் பார்த்து, "நீ என்னய்யா சொல்றே?" என்று கேட்டார் ஆத்மநாதன்.

"வந்திருக்கணுங்க" என்றார் ராக்கன்.