கூனபில்லா ரொட்டிக்கடையும் மூன்று இலக்குகளும்

கூனபில்லா,
ஜூன் 11

அன்புத் தங்கை மார்லீனுக்கு,

உன் அண்ணன் நெவில் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி கிளெனிஸும் என் இடது முழங்காலும் நலம். கோதுமை விதைப்பு முடிந்து நல்ல மழை பெய்திருக்கிறது. அந்த மழையில் குறை கண்டுபிடிக்க ஊரே முயன்றும் இன்னும் எதுவும் சிக்கவில்லை. அடிலெய்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் உங்கள் மாடி வீட்டு லிப்டும் நலமா என்று அறிய ஆவல். நலம் விசாரித்தாயிற்று. இனி சண்டை.

போன மாதம் முதல் வாரம் நீ வந்து, அப்பா நமக்கு ஆளுக்குப் பாதியாக விட்டுப்போன இந்த ரொட்டிக்கடையின் மேஜைமேல் ஒரு படிவத்தையும், வாடிக்கையாளர்கள் கருத்து எழுத வெற்று அட்டைக்கட்டு ஒன்றையும், அவற்றைப் போட ஒரு பெட்டியையும் வைத்தாய். வியாபாரம் என்றால் இலக்கு வேண்டும், இலக்கு என்றால் தெளிவாக இருக்கணும், அளக்க முடியணும், எட்ட முடியணும், தேதி இருக்கணும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னாய். ஜூன் முப்பதுக்குள் மூன்று இலக்கையும் எட்டாவிட்டால் உன் பாதியை, கடையை விலைக்குக் கேட்கிற அந்த நகரத்துக் கம்பெனிக்கு விற்றுவிடுவதாகச் சொன்னாய். பிறகு கொத்துக்கறி வைத்த மீட் பை ஒன்றை வாங்கி, கடைக்குள் உட்காராமல், இன்ஜினை அணைக்காத காரில் உட்கார்ந்து சாப்பிட்டாய். மறந்துபோன கண்ணாடியை எடுக்க ஒருமுறை உள்ளே வந்தாய். போய்விட்டாய். எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. சரி, போகட்டும்.

முதல் இலக்கு, மீட் பை விற்பனையை இரட்டிப்பாக்குவது. தெளிவாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நாளைக்கு நூற்றிப்பத்து விற்கிறேன், ஆக இருநூற்றிருபது. ஊர்ப் பலகையில் போட்டிருக்கும் ஜனத்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு, அதில் மூன்று பேருக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, பதினோரு பேருக்கு விழுந்துவிட்டது. கல்லறையில் இருப்பவர்களும் வரிசையில் வந்து நின்றால்தான் உன் கணக்கு நேராகும். இதை வாடிக்கையாளர்களிடமே கேட்போமே என்று, டிராக்டரைத் தவிர வேறெதையும் நம்பாத நம்ம கிளாரிக் கிழவரிடம் இந்த இலக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொரிந்துகொண்டார். "அப்ப ஊர்ல ஜனத்தொகையைக் கூட்டணும்டா நெவ். எனக்கு எழுபத்தினாலு ஆச்சு, என்னைய நம்பாத" என்றார்.

இரண்டாவது, ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. நீ சொன்னபடியே முட்டை வேகவைக்கிற மணிக் கடிகாரத்தைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கிளாரி வந்து, டிராக்டரின் கியர்பாக்ஸைப் பிரித்த கதையை ஆரம்பித்தார். "பிரிச்சுப் பார்த்தா நெவ், உள்ள என்ன இருந்துச்சுன்னு நினைக்கிற..." என்று சொல்லும்போது மணி அடித்துத் தொலைத்தது. மனுஷன் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது நாள் கடைப்பக்கம் வரவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் ஊரே தவிக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் ரொட்டி வாங்காமல் அதைத்தான் கேட்கிறார்கள், கிளெனிஸோ, "ரெண்டு நிமிஷம் மிச்சம் பண்றேன்னு ஒம்போது நாளைத் தொலைச்சிட்டியே, ஒழுங்கா போய் அந்தாள் கால்ல விழு" என்று விரட்டுகிறாள். பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதையை முதலிலிருந்து தொடங்கினார். ஒன்றரை மணி நேரம். (உள்ளே இருந்தது அவர் மனைவியின் தேக்கரண்டி. எப்படிப் போனது என்பது இன்னொரு ஒன்றரை மணி நேரம்.) திரும்பி வந்தால் அடுப்பில் ஒரு தட்டு மீட் பை கரியாகியிருந்தது. பின்னாலேயே சமாதானமாகிக் கடைக்கு வந்த கிளாரிக்குக் கொடுக்க அதுதான் இருந்தது. சாப்பிட்டார், ஓர் அட்டையில் ஏதோ எழுதிப் பெட்டியில் போட்டார்.

அந்தப் பெட்டிதான் உன் மூன்றாவது இலக்கு. பத்தில் எட்டுப் பேர் 'பிரமாதம்' என்று எழுத வேண்டும் என்றாய். இன்று எண்ணினேன். தொண்ணூற்றியாறு அட்டை. அதில் தொண்ணூற்றி நாலில் 'பரவாயில்லை'. ஒன்றில் 'இதைவிட மோசமா சாப்பிட்டிருக்கேன்'. அது பள்ளிக்கூடத் தலைமையாசிரியை எழுதியது, படித்ததும் கிளெனிஸைக் கூப்பிட்டுக் காட்டினேன், அந்த அம்மா இருபது வருஷமாக யாரையும் அவ்வளவு புகழ்ந்ததில்லை. மிச்சம் ஒன்றே ஒன்றில் 'பிரமாதம்'. கிளாரியுடையது. கரிந்த மீட் பைக்கு.

உன் கம்பெனிக்காரன் இதைப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று, தோல்வி என்பான். ஏம்மா மார்லீன், அவனுக்குத்தான் தெரியாது, உனக்குமா மறந்துபோச்சு? இங்கே யார் எப்போது பிரமாதம் என்று சொல்வார்கள்? புயலில் நம் கொட்டகைக் கூரை பறந்துபோய் அடுத்தவன் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியில் விழுந்தபோது, அப்பா மழையில் நின்றுகொண்டு சொன்னது 'பிரமாதம்'. நான் பிறந்தபோது அவர் சொன்னது 'பரவாயில்லை'. நீ பிறந்தபோது 'குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல' என்றாராம், அன்றைக்குப் பிடித்த திமிர்தான் உனக்கு இன்னும் இறங்கவில்லை. இப்போது நீ கார் நிறுத்த இடம் கிடைத்தாலே போனில் பிரமாதம், பிரமாதம் என்று கத்துகிறாய். அதைக் கேட்டு நானும் கிளெனிஸும் இங்கே பதறிப்போய், இடித்துவிட்டாயோ என்று நினைக்கிறோம்.

ஆகவே கேட்டுக்கொள். மூன்று இலக்கையும் நான் எட்டவில்லை, எட்டவும் மாட்டேன். விற்கிறாயா, தாராளமாக விற்றுக்கொள்! ஆனால் அந்த அடுப்புக் கதவு உதைத்தால்தான் திறக்கும், எங்கே உதைப்பது என்று நான் சாகும்வரை ஒருத்தனுக்கும் சொல்ல மாட்டேன், தடவித் தடவிப் பார்க்கட்டும் அவர்கள். மணிக் கடிகாரத்தைக் கோழிக்கூண்டில் வைத்துவிட்டேன், முட்டைக்கும் அதற்கும் பழைய பழக்கம். இனி இந்தக் கடைக்குள் யாராவது இலக்கு என்று வாயைத் திறந்தால் அவரை மாவோடு சேர்த்துப் பிசைவேன், அது என் கூடப் பிறந்தவளாக இருந்தாலும் சரி. நாற்பது வருஷமாக எனக்கு இருக்கிற ஒரே திட்டம் நாளைக்கும் கடையைத் திறப்பது. அதில் ஒருநாளும் நான் தவறியதில்லை. படிவத்தைக் காலியாகவும், பெட்டியை அட்டைகளோடும் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். உங்கள் இருவருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும், போகிற இடமெல்லாம் கார் நிறுத்த இடமும் கிடைக்கட்டும்.

கோபம் குறையாத அண்ணன்,
நெவில்

பின்குறிப்பு: பார்சல் கட்டுவதற்காக இப்போதுதான் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். அடி மடிப்பில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, மீட் பைக் குழம்புக் கறையோடு. முதல் ஆளாகப் போட்டிருக்க வேண்டும். சின்ன வயதில் என் நோட்டிலெல்லாம் கிறுக்கிவைத்த அந்தக் கோணல் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கண்ணாடியை மறந்தாளாம் கண்ணாடியை! 'பரவாயில்லை' என்று எழுதி, அதன்கீழ் ஒரு கோடு வேறு. கிளெனிஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் போட்டிருக்காளே, அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பயந்துவிட்டாள். நான் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, அந்தப் படிவத்தை மறுபடி எடுத்தேன்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. அந்த அட்டையை அனுப்ப மாட்டேன், படிவத்தை மட்டும் நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். இலக்கு: மார்லீன் வந்து, காரில் இல்லாமல் கடைக்குள் உட்கார்ந்து ஒரு மீட் பை சாப்பிடுவது. அளவு: இன்னும் ஓர் அட்டை. தேதி: ஜூன் இருபத்தொன்பது. 'எட்டக்கூடியதா?' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீதான் நிரப்ப வேண்டும்.