பவளம் அன்ரியின் கடைப் பலகை

தெரியாததைத் 'தெரியும்' என்று சொல்லும் வியாதி எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. இன்றுவரை மருந்து கிடைக்கவில்லை. (மனைவி தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.)

அப்போது அவள் மனைவி இல்லை. பிரெஞ்சு மண்ணில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ காய் என்ற தெருவில் புடவைக்கடை வைத்திருந்த சிவம் அங்கிளின் மகள் வதனி. எங்கள் விருப்பத்தை வீட்டில் சொல்லி மூன்று மாதமாகியும் அங்கிள் வாயே திறக்கவில்லை. கடையைப் பெருப்பித்துத் திறக்கும் அலுவலில் ஓடித் திரிந்தவர், ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் கொம்பியூட்டர் வேலையெண்டு வதனி சொன்னவள். கடைப் போர்ட்டுக்குத் தமிழ் எழுத்து அடிச்சுத் தருவீரோ?"

"ஓம் அங்கிள், அதென்ன பெரிய வேலையே!"

(உண்மையில் என் வேலை, அலுவலகங்களில் பிரிண்டருக்கு மை மாற்றுவது.)

"பிழைவிடாமல் செய்யும். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

மிச்சம் என்றால் கல்யாணம்.

ஒரு பழைய எழுத்துருவில் 'பவளம் புடவையகம்' என்று அடித்தேன். பவளம், அங்கிளின் மனைவி பெயர். அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஒரு கள்ள வேலை உண்டு. கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துத்தான். மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும். கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பாவிட்டால் முகமூடி கழன்றுவிடும். எனக்கு இது எங்கே தெரியும்? கோப்பை மட்டும் பலகை செய்யும் பிரெஞ்சுக்காரருக்கு அனுப்பினேன்.

அவர் பாவம், ஒழுங்கான மனிதர். மாதிரிப் படம் அனுப்பி, 'பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் எழுத்து வெட்டுவேன்' என்று எழுதியிருந்தார். நான் மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தில் மெத்ரோ ரயிலுக்குள் நெரிபட்டபடி, படத்தைத் திறக்காமலே போனில் விரலால் கையெழுத்துப் போட்டேன். கூடவே, மிகச் சரி என்ற பொருளில் 'பர்ஃபே!' என்றும் எழுதினேன். (அவசரத்திலும் மரியாதை முக்கியம்.)

திறப்பு விழாவுக்கு அரைவாசி லாச்சப்பல் வந்திருந்தது. ஐயர் தேங்காய் உடைத்தார். அங்கிள் பலகையை மூடியிருந்த பட்டுச் சீலையை இழுத்தார்.

gtsk; Glitafk;

தெருவால் போன பிரெஞ்சுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, இங்கே டெலிபோன் திருத்துவீர்களா என்று கேட்டாள். வதனி நிலத்தைப் பார்த்தாள். அங்கிள் என்னைப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

கல்யாணம் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். அடுத்த மெத்ரோவில் ஏறி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது பவளம் அன்ரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏன் எல்லாரும் செத்தவீடு மாதிரி நிக்கிறியள்? பவளம் புடவையகம். சரியாத்தானே கிடக்கு!"

அன்ரி இங்குள்ள அச்சகம் ஒன்றில் பதினைந்து வருடம் கல்யாணக் கார்டும் நினைவு மலரும் அடித்தவர். எந்த ஆங்கில எழுத்தைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்று அவர் விரலுக்குத் தெரியும். "g எண்டால் ப, t எண்டால் வ..." என்று காற்றில் தட்டிக் காட்டியவர், பாதியில் சிரிக்கத் தொடங்கிவிட்டார். ஐயரும் சிரித்தார்.

அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. "சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"வெளியாள் செய்ததெண்டால் வெக்கக்கேடு," என்றார் அன்ரி. "மருமகன் செய்ததெண்டால் பகிடி. உங்களுக்கு எது வேணும்?"

அங்கிள் பலகையைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். பெரிய மூச்சொன்று விட்டு, தெருவுக்கே கேட்க அறிவித்தார்: "இது எங்கடை மருமகன்ரை வேலை!"

சனம் கைதட்டியது. எனக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது.

பலகையை இரண்டு கிழமையில் மாற்றிவிட்டோம். என்னை மாற்ற முடியவில்லை. போன வருடம் மகன் பிறந்தபோது பெயர் பதிய நான் மேரி என்ற நகரசபை அலுவலகத்துக்குப் போக, அங்கிள், அன்ரி என்று நாலு பேர் கூடவே வந்தார்கள். பிழை பார்க்கப் படிவம் ஒவ்வொருவர் கையாகச் சுற்றியது. வதனி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் எழுத்தெழுத்தாகக் கேட்டாள்.

பொறுமையிழந்த அலுவலகப் பெண், "இதில் பிள்ளையின் தகப்பன் யார்?" என்று கேட்டார்.

நாலு பேரும் என்னைக் காட்டினார்கள். அங்கிள் தன் பிரெஞ்சில் விளக்கம் வேறு சொன்னார்: "இவர்தான், மடாம். அதனால்தான் நாங்கள் வந்திருக்கிறோம்."