காரியாதிகாரியின் குரலில் பறந்த பெட்டை

பெண்பிள்ளைகளுக்கு ஆகாயப் பறப்பை அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்று கொழும்பிலே தீர்மானமாகிவிட்டது. உலகமெங்கும் பெண்கள் விமானம் ஓட்டுகையில், இரணைமடுக் குடியேற்றத் திட்டத்துப் பெண்கள் மாத்திரம் வரம்பிலே நடந்து திரிவது நாட்டுக்குப் பெருத்த வெட்கம் அல்லவா? ஆகவே சிறுபோக நெல் அறுவடை முடியுமுன் ஒரு விமானம் வரும், ஒரு பெண்பிள்ளை அதில் ஏறுவாள் என்று அந்தப் பகுதியின் அரசாங்க அதிகாரியான காரியாதிகாரி சிற்றம்பலம் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிரகடனம் செய்தார்.

அந்த ஒரு பிள்ளை தான்தான் என்று பதினைந்து வயது ஜெகதீஸ்வரி அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விமானம் வரும்வரை பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு உயரம் வேண்டும். அந்தப் பக்கத்தில் உயரமாக இருந்தவை வயல்களில் கிளி கலைக்கிற பரண்கள் மாத்திரமே.

"விமானமும் தரையிலே இல்லை, பரணும் தரையிலே இல்லை. ஆகவே இரண்டும் ஒன்றே" என்றார் காரியாதிகாரி.

"ஐயா சொன்னால் பிறகென்ன!" என்றார் ஊர்த் தலைவரான விதானை வீரகத்தி. அவர் அன்றைக்கே பளைக்குப் போய் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். பறப்பு சம்பந்தப்பட்டவர்கள் அப்படித்தான் போடுவார்களாம்.

இவ்வாறாக, பிறந்த நாள்தொட்டுப் பரணில் இருந்து கிளி கலைத்துவந்த பெட்டைகள் இப்போது அதே பரணில் பயிலுநர் விமானிகளாக இருந்து கிளி கலைத்தார்கள். வயல்காரருக்குப் பரம சந்தோஷம்.

ஆனால் அந்த வருஷத்துக் கிளிகள் டின் அடிக்கும் சத்தத்துக்கு அசையவில்லை. ஜெகதீஸ்வரிக்கோ ஊரிலே எல்லாருடைய குரலும் வரும். பள்ளிக்கூடத்துத் தலைமை ரீச்சரின் குரலில் அதட்டிப் பார்த்தாள். கிளிகள் தலையை மட்டும் தூக்கின. தாய் அன்னபாக்கியத்தின் குரலில் ஏசினாள். பக்கத்துப் பாத்திக்குப் போய் இருந்தன. கடைசியில் தொண்டையைச் செருமி, காரியாதிகாரியின் குரலில், "இத்தால் சகலருக்கும் அறியத்தருவது என்னவென்றால்..." என்று தொடங்கினாள். அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்க ஒரு கிளி நிற்கவில்லை. அத்தனையும் கிளம்பித் தர்மபுரம் பக்கம் பறந்துவிட்டன.

மேற்பார்வைக்கு வந்த காரியாதிகாரி அவளுடைய பரணுக்கு மேலே வானம் துப்புரவாக இருப்பதைக் கண்டு வியந்தார். "இந்தப் பிள்ளைக்கு ஆகாயம் கட்டுப்படுகிறது" என்று சொல்லி அவளையே தெரிவுசெய்தார்.

விமானம் வந்தது. மாடுகளைக் கலைத்துவிட்டு அதைத் திடலில் இறக்கினார்கள். திடலோரம் ஒரு பரண் கட்டி, சிவப்புத் துணி சுற்றி, ஒலிபெருக்கியும் பூட்டியிருந்தார்கள்.

"எத்தினை பேர் ஏறலாம்?" என்று காரியாதிகாரி விமானியைக் கேட்டார்.

"என்னோடை இன்னொராள்."

காரியாதிகாரி யோசனையில் ஆழ்ந்தார். "வயதுவந்த பெண்பிள்ளை. பாதுகாவலர் இல்லாமல் ஆகாயத்துக்கு அனுப்பச் சட்டம் இடங்கொடாது. பாதுகாவலர் ஏறினால் பிள்ளைக்கு இடமில்லை. ஆகவே பாதுகாவலர் மாத்திரம் ஏறுவார்."

"அப்ப நான், ஐயா?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"நீ கீழே நின்று அண்ணாந்து பார், பிள்ளை. அதுவும் அறிமுகந்தானே."

"ஆர் ஐயா என்ரை பாதுகாவலர்?"

"அரசாங்கம்."

"அரசாங்கம் எங்கை நிக்குது?"

காரியாதிகாரி கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். "இஞ்சை நான்தான்."

அரசாங்கம் ஒருதரம் பறந்தது. துணைப் பாதுகாவலராக விதானையும் ஒருதரம் பறந்தார். போகும்போது இருந்த கறுப்புக் கண்ணாடி வரும்போது இல்லை. காரியாதிகாரியோ தலை கிறுகிறுத்துப் பாலைமரத்தடியில் கதிரை போட்டு அமர்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் இனி ஒரு சுத்துக்குத்தான் காணும்" என்றார் விமானி. காரியாதிகாரி கந்தோரின் கிளாக்கர் சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு தானும் பறக்கப் புறப்பட்டார்.

ஜெகதீஸ்வரியை நன்றிப் பாட்டுப் பாடும்படி பரணில் ஏற்றினார்கள். அவள் துணி மறைப்புக்குள் இருந்து தொண்டையைச் செருமினாள்.

"இத்தால் சகலருக்கும் அறியத்தருவது என்னவென்றால்" என்று திடல் முழுக்கக் காரியாதிகாரியின் குரல் முழங்கியது, "செல்வி ஜெகதீஸ்வரி உடனடியாக விமானத்தில் ஏற்றப்படல் வேண்டும். பிள்ளை தரையில் நின்று பறக்கலாமாயின், பாதுகாவலர் தரையில் நின்று பாதுகாக்கலாம். கிளாக்கர் கந்தோருக்குத் திரும்புக!"

கிளாக்கர் நின்ற இடத்திலேயே திரும்பி நடந்தார். பாலைமரத்தடியில் இளநீர் புரைக்கேறியது.

"வீரகத்தி, உது நான் கதைச்சதோ?"

"ஐயாவின்ரை குரல்தானே, ஐயா."

"என்ரை வாயிலை இளநீரெல்லோ இருந்தது?"

"வாயை விடுங்கோ. உத்தரவு ஒலிபெருக்கியிலை வந்திட்டுது."

காரியாதிகாரி இளநீரைக் கீழே வைத்தார். "அப்ப ஒண்டும் செய்யேலாது. என்ரை உத்தரவை மறுக்க எனக்கு அதிகாரமில்லை" என்று எழுந்து மரியாதையாக நின்றார். அதற்குள் ஜெகதீஸ்வரி பரணால் இறங்கி ஓடி விமானத்தில் ஏறிவிட்டாள்.

"எடியே, இறங்கடி! நாளைக்கு உன்னை ஆரடி கட்டுவான்?" என்று அன்னபாக்கியம் ஓடிவந்தாள்.

"அக்கா, உத்தரவு!" என்று விதானை குறுக்கே விழுந்தார்.

விமானம் கிளம்பியது. ஜெகதீஸ்வரி சிரித்த சிரிப்பு இயந்திர இரைச்சலுக்கும் மேலே கேட்டது. குளம் சாய்ந்தது, வாய்க்கால் நிமிர்ந்தது, காரியாதிகாரி கந்தோர் நெருப்புப்பெட்டியாகக் கிடந்தது. பாலைமரத்தடியில் குடித்துவிட்டுப் போட்ட இளநீர்க் கோம்பை எது, ஐயா எது என்று பிரித்தறிய முடியவில்லை. விமானி அவளை ஓட்டும் பிடியை ஒருதரம் பிடிக்கவிட்டார். விமானம் குத்துக்கரணம் போடப் பார்த்தது. "விடு பிள்ளை, விடு!" என்று அவர் கத்தக் கத்த, "இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்றாள் அவள்.

அடுத்தநாள் காலை அவள் வயற்பரணில் இருக்க, ஏணியில் மூச்சுவாங்க ஒரு தலை ஏறிவந்தது. காரியாதிகாரி! பிடிபட்டுவிட்டோம் என்று அவள் பரணின் மூலைக்கு நகர்ந்தாள்.

அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, எனக்கு எல்லாம் விளங்கும். அது கிடக்கட்டும். எனக்கு மேலை இருக்கிற ஏஜண்டர் ஐயாவின்ரை குரல் உனக்கு வருமோ? என்ரை யாழ்ப்பாண இடமாற்றம் வருஷக்கணக்கா இழுபடுது. ரெலிபோனிலை ஒரு வசனம் சொன்னால் காணும்."

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். ஏணியடியில் விதானை நின்றார், வாய்க்காலில் தண்ணீர் திறக்கச் சொல்லி ஓர் உத்தரவு வேண்டுமாம். அவருக்குப் பின்னால் தலைமை ரீச்சர். கடைசியில் அன்னபாக்கியம், கூரை வேயச் சொல்லித் தன் புருஷனுக்கு ஓர் உத்தரவு கேட்டு.

ஜெகதீஸ்வரி தொண்டையைச் செருமினாள்.

"இத்தால் சகலருக்கும் அறியத்தருவது என்னவென்றால், இன்று பொதுமக்களைச் சந்திக்கும் நாள் அல்ல. திங்கட்கிழமை வரவும்."

"ஓம், ஐயா" என்று காரியாதிகாரி ஏணியால் இறங்கினார். எல்லாரும் பணிவாகத் திரும்பிப் போனார்கள்.

கிளிகள் மாத்திரம் போகவில்லை. அது வெறும் குரல்தான் என்ற விஷயம் அவற்றுக்கு விளங்கிவிட்டது. பரணை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆறுதலாகக் கதிர் கொறித்தன.