பூட்டுக்காரர் ஒத்துழைத்தார்

"வக்கீல் யாரையாவது கூப்பிடணுமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் பூட்டு ரிப்பேர்காரர் பதறிப்போனார்.

"எதுக்கு சார்? தப்பு செஞ்சவனுக்குத்தானே வக்கீல்? எது வேணாலும் கேளுங்க, சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்துத் தெரு கைக்கடிகாரக் கடையை யாரோ துடைத்தெடுத்தது போலத் திருடிவிட்டுப் போயிருந்தார்கள். பூட்டு உடையவில்லை, பதமாகத் திறந்திருந்தது. அதனால்தான் இவர் இந்த நாற்காலியில் இருக்கிறார்.

கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பயந்தவன் போலத் தெரியக்கூடாதென்று பூட்டுக்காரர் ஒரே மூச்சில் குடித்தார். புரையேறியது.

"ஏன்யா நடுங்குற?"

"நடுங்கல சார்." நிரூபிக்கக் கையை நீட்டினார். நடுங்கியது. சமாளிக்கச் சிரித்தார்.

"சிரிப்பு வேற வருதா?"

சிரிப்பை விழுங்கினார். "அந்தப் பூட்டுல என் கைரேகை இருக்கும் சார். நானே சொல்லிடறேன். மாட்டிக் கொடுத்ததே நான்தான்."

கைரேகை பற்றி யாரும் இன்னும் கேட்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

நிலைமை சரியில்லை என்று இவருக்கே தெரிந்தது. பூட்டைத் திறப்பது யாராலும் முடியும் என்று காட்டிவிட்டால் தப்பிக்கலாம். பூட்டியிருந்த மேசை டிராயரில் ஒரு ஜெம் கிளிப்பை விட்டுத் திருகினார். கண் சிமிட்டுவதற்குள் திறந்துகொண்டது.

"பாத்தீங்களா? சின்னக் குழந்தைகூடத் திறக்கும்!"

மறுபடி பூட்டச் சொல்லி, அதே கிளிப்பால் திறக்க இன்ஸ்பெக்டர் முயன்றார். கான்ஸ்டபிள் முயன்றார். டிராயர் அசையவில்லை. இருவரும் இவரைப் பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்கய்யா இருந்த?"

"வீட்டுல தூங்கிட்டிருந்தேன் சார். என் சம்சாரம் வெளியதான் உட்கார்ந்திருக்கா, கேளுங்க."

மனைவி வந்தார். தூங்கினார் என்று மொட்டையாகச் சொன்னால் எடுபடாது என்று அவருக்குத் தோன்றியது.

"தூக்கமா? கண்ணையே மூடல சார். மத்தியானம் முழுக்க என்கூடப் பேசிட்டேதான் இருந்தாரு."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"இருபத்தாறு."

"மத்தியானம் முழுக்கப் பேசினீங்க?"

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. உண்மை தடம் மாறுகிறதே! "நம்பாதீங்க சார்! அவ எனக்காகப் பொய் சொல்றா!"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். எழுதவேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது.

"உங்களைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னேன்?" என்று மனைவி அழுதார்.

லாக்கப்பைப் பூட்டிக்கொண்டிருந்த கான்ஸ்டபிளிடம் இவர் கம்பி வழியாகக் கேட்டார்: "நிஜத் திருடன் கிடைச்சதும் என்னை விட்டுருவீங்கல்ல சார்?"

"அவனை நேத்தே கூட்டிட்டு வந்தோம்யா. கடைசிவரைக்கும் வாயே திறக்கல. வேற வழி? அனுப்பிட்டோம். அப்புறம் தெருவுல யாரு நல்லாப் பேசுவாங்கன்னு விசாரிச்சோம். எல்லாரும் உன்னைத்தான் சொன்னாங்க."