தட்டு ஏந்தினால் மடங்காத கால்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் என் வலது காலும் நலம். இடது காலைப் பற்றித்தான் இக்கடிதம்.

மாடிப்படியில் பிசகிய நாளிலிருந்து அந்தக் கணுக்கால் சமதரையிலும் மடங்கும் என்று உனக்குத் தெரியும். போன மாதம் ஓட்டலில் ஏழாம் மேசைக்கு சூப் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன், மடங்கியது, ஒரு வக்கீலின் மடியில் உட்கார்ந்துவிட்டேன். "சௌகரியமா இருக்கா?" என்று கேட்டார். முதலாளி திட்டவில்லை. "உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுப்பா" என்று பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார். இருபத்திரண்டு வருடம் மேசைகளுக்கு நடுவே நடந்தவன், அக்கா, குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவள்தான் பிசியோதெரபி அம்மாவிடம் இழுத்துப்போனாள். அந்த அம்மா, விளையாட்டுக்காரர்கள் ஒட்டுகிற டேப்பைக் குதிகாலுக்கு அடியில் கொடுத்து மேலே இழுத்து ஒட்டி, தாழ்வாரத்தில் நடக்கவிட்டுக் கைபேசியில் படம் பிடித்தார். "பாதத்தோட வெளி விளிம்பு முதல்ல தரையில படுது. குதிகாலை வைங்க" என்றார். நான் குனிந்து காலையே பார்த்து நடந்தேன். பார்க்கப் பார்க்க அது இன்னும் கோணியது.

"வேலையில எப்படி நடப்பீங்க?" என்று கேட்டார். அவருடைய தட்டை எடுத்து, அவருடைய டீயை அதில் வைத்து நடந்து காட்டினேன். போய்த் திரும்பினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த அம்மா படத்தை நான்கு முறை பார்த்தார். "டேப் காலைப் பிடிச்சுக்குது, தட்டு உங்க கண்ணைப் பிடிச்சுக்குது. காலை நீங்க கவனிக்காம விட்டா அது நல்லாத்தான் நடக்குது."

"இவரும் அப்படித்தான் டாக்டர், யாராவது கவனிச்சா போச்சு" என்றாள் உன்னை நாத்தனார் என்று உறவு கொண்டாடுகிற என் மனைவி.

இப்போது தினமும் டேப் ஒட்டி, தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரோடு தெருவில் நடக்கிறேன். இவள் யாரோ போல பத்தடி முன்னால் போகிறாள். அதைப் பார்த்த முதலாளி திங்கட்கிழமை என்னை மேசைகளுக்கே திருப்பி எடுத்துக்கொண்டார். ஆகவே நீ பஸ் ஏறி வர வேண்டாம். நிம்மதியாக இரு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உன் தம்பி

பி.கு.: என் காலுக்கு இரங்கி முதலாளி இன்று காலை தட்டுகளை வைத்துத் தள்ள ஒரு தள்ளுவண்டி வாங்கிவிட்டார். "இனிமே நீ எதையும் தூக்க வேணாம்" என்கிறார். மதியத்துக்குள் இரண்டு முறை மடங்கிவிட்டது. ஒருவர் காட்டும் அன்பை மனம் நோகாமல் நிறுத்துவது எப்படி என்று அத்தானிடம் கேட்டு உடனே எழுது.